முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் என் நாள் விடிகிறது, என்ன செய்வது?

திருமங்கலத்துப்பெண் கேட்கிறார்:

வணக்கம். நாலு நாளாக எழுதி எழுதி அழித்துவிட்டு இன்றைக்குத்தான் முழுசாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் மாசி வீதிப் பக்கம் பைப், மோட்டார், வயர் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். வயது 29. பி.காம் முடித்து ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் இருந்துவிட்டு இங்கே சேர்ந்தேன், நாலு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. சம்பளம் 18,000. கடை, குடோன் எல்லாம் சேர்த்து 24 பேர். பில், டேலி சாஃப்ட்வேரில் கணக்கு, ஜிஎஸ்டி, பேங்க் வேலை, ஊர் ஊராகப் பாக்கிப் பட்டியல், எல்லாம் என் மேஜையில்தான். வேலை எனக்குப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் பேங்க் கணக்கும் நம் கணக்கும் பைசா விடாமல் ஒத்துப்போனால் அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் கால் வலிக்காது.

பிரச்சினை முதலாளிதான். பெரியவர் உடம்பு முடியாமல் வீட்டோடு ஆன பிறகு மகன் பொறுப்புக்கு வந்தார். அவர் எந்த நேரத்தில் எப்படி இருப்பார் என்று கடையில் யாருக்கும் தெரியாது. காலையில் நான் முதலில் பார்ப்பது வாசலில் அவர் பைக் எப்படி நிற்கிறது என்பதைத்தான். ஓரமாக ஒழுங்காக நின்றால் மூச்சு வரும். குறுக்கே கிடந்தால் அன்றைக்கு யாருக்கோ இருக்கிறது. ஒரு நாள் எல்லார் முன்னாலும் "இந்தப் பொண்ணு இல்லேன்னா நம்ம கடைக் கணக்கே இல்ல" என்பார். மறுநாள் அதே இடத்தில் நின்றுகொண்டு "உனக்கெல்லாம் எவன் டிகிரி குடுத்தான்" என்பார். பில் புக்கைத் தூக்கி மேஜையில் எறிவார். ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் வரும், அதைக் கேட்காமல் தூங்கவும் முடியாது, கேட்டால் அப்புறம் தூக்கமே வராது.

போன மாதம் திண்டுக்கல்லுக்கு ஒரு லோடு, மூன்று லட்சத்துக்கு மேல். அவர் சொன்ன வண்டி நம்பரைப் போட்டுத்தான் இ-வே பில் (சரக்கோடு வண்டியில் போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) எடுத்தேன். அந்த வண்டி குடோனிலேயே பஞ்சராகி, வேறு வண்டியில் ஏற்றச் சொன்னவரும் அவர்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பில்லில் வண்டி விவரம் போடுகிற பகுதி பி-யில் நம்பரை மாற்ற இரண்டு நிமிஷம்தான் ஆகும். வழியில் செக்கிங்கில் வண்டி மாட்டிக்கொண்டது, அபராதம் போட்டார்கள். டிரைவர், லோடுமேன், நாலு வியாபாரிகள் நிற்கும்போது என்னைப் பார்த்து "உன் சம்பளத்துல பிடிச்சாத்தான் புத்தி வரும்" என்று கத்தினார். நான் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் பருத்திப்பால் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார், எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அதைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து நாள் முன்னாடியே லீவு கேட்டு, சரி என்று சொல்லிவிட்டு, முந்தின ராத்திரி "நாளைக்கு வந்தாகணும்" என்றார். தம்பிதான் கூடப் போனான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு பிசைய ஆரம்பித்துவிடுகிறது. தலைவலி நிற்பதில்லை. பஸ் பெரியார் நிலையத்தை நெருங்க நெருங்க இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகாதா என்று இருக்கிறது.

இன்னொன்று, சேரும்போது என் டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினலை "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். கடையில் எல்லாருடையதும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் என் சம்பளம் தேவை. இப்படிப்பட்டவரிடம் எப்படி வேலை பார்ப்பது? விட்டுவிடுவதா? விட்டால் சர்டிபிகேட் கைக்கு வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல்_பேரேடு:

பாப்பா, எனக்கு 67 வயது. கீழமாசி வீதியில் 38 வருஷம் கணக்கு எழுதியவன். மஞ்சள் அட்டைப் பேரேட்டில் ஆரம்பித்து கம்ப்யூட்டர் வந்து அதையும் கற்றுக்கொண்டு ஓய்வானவன். நீ எழுதியதைப் படித்ததும் என் பழைய முதலாளி ஒருவர் கண் முன்னால் வந்துவிட்டார்.

அவர் வீசிய சாவிக்கொத்து என் நெற்றியில் பட்டு மூன்று தையல் போட்டது. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள், நான் மறுநாளும் போனேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. போயிருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன்.

ஆனால் அடுத்த கடையில் ஒன்று கற்றுக்கொண்டேன். அங்கேயும் கோபக்கார முதலாளிதான். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, அன்றைக்கு அவர் எப்படி இருந்தார் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். மூன்று மாதத்தில் விஷயம் பிடிபட்டது. நாம் கொடுத்த செக் பாஸாகிற நாளுக்கு முந்தின நாள் மனுஷன் எரிந்து விழுவார். பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் (சரக்கு இருப்புக் கணக்கு) கொடுக்கிற வாரம் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் மோட்டாரும் பைப்பும் ஓடும், ஆனால் உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கடனுக்குத்தான் எடுப்பார்கள், கேட்டால் அறுப்பு முடியட்டும் என்பார்கள், கம்பெனிக்காரன் நம்மைக் கேட்பான். உன் கடையும் அதே சரக்கு, ஆகவே இது உனக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நீயும் எழுதிப் பார். காரணம் தெரிந்தால் அவர் செய்வது நியாயமாகிவிடாது, ஆனால் "நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்று உள்ளுக்குள் அரிக்கிறதே, அது குறையும்.

அப்புறம் நேரம் பார். கடை திறந்த முதல் அரை மணியும், மதியச் சாப்பாட்டுக்கு முந்தின அரை மணியும் எதையும் கேட்கப் போகாதே. கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, காபி குடித்து உட்கார்ந்த பிறகு நாலையும் ஒரே தடவையாகக் கேட்டுவிட்டு வந்துவிடு. குளிர்காலத்தில் நெருப்புக் காய்வது மாதிரி, ரொம்ப ஒட்டினால் சுடும், ரொம்ப விலகினால் வேலை நடக்காது. முக்கியமாக, அவர் புகழ்கிற நாளிலும் உருகிவிடாதே. "நீ இல்லேன்னா கடையே இல்ல" என்கிற பேச்சில் நீ சந்தோஷப்பட்டால் மறுநாள் திட்டு இரண்டு மடங்கு வலிக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி "சரிங்க" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

கத்திக்கொண்டிருக்கும்போது பதில் சொல்லாமல் இருந்தது சரிதான். ஆனால் அன்றைக்கு சாயங்காலமோ மறுநாளோ, தனியாக, ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். "நம்பர் மாறினது எனக்குச் சொல்லப்படல, இனிமே வண்டி மாறினா எனக்கு ஒரு போன் வரணும்னு குடோன்ல சொல்லிடுங்க" என்று. அழுகையோ கோபமோ இல்லாமல், கணக்குச் சொல்கிற குரலில் சொல்.

வடபழஞ்சி_டெஸ்டர்:

அக்கா, நான் ஐடி. எங்கள் மேனேஜர் கத்த மாட்டார். மீட்டிங்கில் ஒன்று சொல்வார், அது சொதப்பினால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்கு ஒரு கட்டத்தில் என் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு உதவியது ஒன்றுதான், எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவந்தது. வாயால் ஒரு வேலை சொன்னால் பத்து நிமிஷத்தில் ஒரு மெசேஜ் போடுவேன், "சார், நீங்கள் சொன்னபடி இன்றைக்கு இதை முடித்துவிட்டு அதை நாளைக்கு எடுக்கிறேன்" என்று. சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல் வேலைக்குத் தேவையான மெசேஜ் மாதிரியே இருக்கும். இரண்டு மாதத்தில் "சொல்லவே இல்லையே" நின்றுபோனது. உங்கள் விஷயத்தில் இ-வே பில் எடுத்ததும் "வண்டி நம்பர் இது, மாறினால் உடனே சொல்லவும்" என்று அவருக்கும் குடோனுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தால் அன்றைக்கு உங்களைக் கை காட்ட வழியே இருந்திருக்காது.

ராத்திரி வாய்ஸ் மெசேஜுக்கு: 9 மணிக்கு மேல் அந்த ஒரு நம்பரை மட்டும் மியூட். காலையில் பஸ் ஏறியதும் கேட்டு, "பார்த்துவிட்டேன் சார், வந்ததும் செய்கிறேன்" என்று எழுத்தில் பதில். முதல் வாரம் கத்துவார். மூன்றாவது வாரம் பழகிவிடுவார். என் மேனேஜரும் பழகினார், அப்புறம் நான் வேறு டீமுக்கு மாறிவிட்டேன், அது வேறு கதை.

கப்பலூர்_பட்டறை:

நான் முதலாளி பக்கத்து ஆள். சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன், 9 பேர் வேலை பார்க்கிறார்கள். இதை எழுதினால் எல்லாரும் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை.

அந்தத் தங்கச்சி எழுதியதில் பாதியை நான் செய்திருக்கிறேன். அப்பா இறந்து 31 வயதில் பட்டறை என் தலையில் விழுந்தது. பேங்க் கடன் எவ்வளவு என்பதே அவர் போன பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை சம்பளம் போட வெள்ளிக்கிழமை ராத்திரி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அதை யாரிடமும் சொல்ல முடியாது, வேலைக்காரர்களிடம் சொன்னால் பயந்து போய்விடுவார்கள், வீட்டில் சொன்னால் அழுவார்கள். அந்தப் பயம் எல்லாம் ஒரு சின்னத் தப்பைப் பார்த்ததும் கத்தலாக வெளியே வரும். கத்தி முடித்து ஒரு மணி நேரத்தில் எனக்கே வெட்கமாக இருக்கும், ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வராது, டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பேன். அந்தப் பருத்திப்பால் எதற்காக வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும் தங்கச்சி.

எங்களிடம் 12 வருஷம் இருந்த ஒரு டர்னர், அப்பா காலத்து ஆள், கையில் அப்படி ஒரு சுத்தம், ஒரு நாள் நான் புதுப் பையன்கள் முன்னால் அவரைக் கேவலமாகப் பேசினேன். அவர் மெஷினை ஆஃப் செய்து, துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. வீட்டுக்கே போய் நின்றேன். "கூலி பத்தல தம்பி, அதான்" என்று மட்டும் சொன்னார். அது உண்மை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது கோபம் வந்தால் பட்டறையை விட்டு வெளியே போய் ரிங் ரோடு வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருகிறேன். எப்போதும் முடிவதில்லை.

ஒன்று சொல்கிறேன். அவர் அமைதியாக இருக்கிற ஒரு நாளில், பெரியவர் இன்னும் கடை விஷயம் கேட்டுக்கொள்கிறவராக இருந்தால் அவர் காதுக்கும் எட்டுகிற மாதிரி, சொல்லிப் பாருங்கள். எல்லா முதலாளியும் திருந்துவான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு யாராவது முன்னாடியே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கும் என் பட்டறையில் இருந்திருப்பார்.

மேலூர்_டீச்சர்:

பட்டறை அண்ணன் மனம் திறந்து எழுதியதற்கு நன்றி, நிஜமாகவே. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குப் பேங்கில் பயம், அதை நீங்கள் கத்தித் தீர்த்தீர்கள். கத்தலைக் கேட்டவர் அதை எங்கே கொண்டுபோய் இறக்கினார்? அவருக்கும் வீட்டில் கடன் இருந்திருக்கும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்திருக்கும். அந்த அக்காவின் முதலாளி அதே கோபத்தில் வசதியான வியாபாரி ஒருவரிடமோ பேங்க் மேனேஜரிடமோ பில் புக்கை எறிவாரா? எறிய மாட்டார். அப்படியென்றால் அவருக்கு அடக்கத் தெரியும், இவளிடம் அடக்கத் தேவையில்லை என்று நினைக்கிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு வருஷம் ஆனது, ஒரு தனியார் பள்ளியில், ஒரு தாளாளரிடம்.

அக்கா, நீங்கள் வேலையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் உடம்பைப் பற்றித்தான் கவலை. தலைவலி, வயிறு பிசைவது, தூக்கமின்மை, இதெல்லாம் எனக்கும் இருந்தது. அல்சர் என்று மாத்திரை தின்றேன். அந்தப் பள்ளியை விட்டு இரண்டு மாதத்தில் மாத்திரையும் நின்றது. உங்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள், 21,000 ரூபாய் வரை சம்பளம் இருப்பவர்களுக்கு உண்டு, 18,000-க்கு உங்கள் பங்கு மாதம் 135 ரூபாய்தான் பிடிப்பார்கள். பிடிக்கிறார்கள் என்றால் தத்தனேரியில் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்ப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ராத்திரி மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்கு அடியுங்கள், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டே கூப்பிட்டேன், இருபது நிமிஷம் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

கடையில் உங்களைத் தவிர வேறு பெண்கள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். அந்தத் திட்டு பெண் என்பதை வைத்து, உடம்பை வைத்து, அசிங்கமாகப் போனால் அது வேறு வழக்கு, வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் புகார்க் குழு வைத்தே ஆக வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தல்லாகுளம்_சங்கம்:

கடைத் தொழிலாளர்களுக்காக ரொம்ப வருஷமாகச் சங்க வேலை செய்கிறேன். மற்றவர்கள் மனசைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் கணக்கைச் சொல்கிறேன். கேட்டவர் கணக்குப் பார்க்கிறவர், அவருக்குச் சீக்கிரம் புரியும்.

முதலில் சர்டிபிகேட். ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் முதலாளிக்கு உரிமை கொடுக்கவில்லை. நம் ஊரில் கடை, பள்ளி, காலேஜ், எங்கு பார்த்தாலும் இந்தப் பழக்கம் இருக்கிறது, எல்லாரும் செய்வதால் அது சரி என்று ஆகிவிடாது. வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், விடப்போகிறேன் என்று சொல்லும் முன்னாடியே. பேங்க் லோனுக்கு, மேற்படிப்புக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று உங்களுக்கு உண்மையாகவே ஒரு தேவை வரும்போது கேளுங்கள். கொடுத்ததும் திருப்பி வைக்காதீர்கள். தரவில்லை என்றால் எழுத்தில் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் (அரசாங்கத்தின் ஆன்லைன் ஆவணப் பெட்டகம்) இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, "நாளைலருந்து வராதே" என்று ஒரு கோபத்தில் சொன்னால் பயந்து நின்றுவிடக் கூடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் இருந்து இருக்கிறது. அதில் 41-ம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று சொன்னால் விசாரணை வைத்து நிரூபிக்க வேண்டும். மீறினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். வாயால் வராதே என்று சொன்னால் மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போங்கள், உள்ளே விடவில்லை என்றால் வாசலில் நின்றபடியே "வேலைக்கு வந்திருக்கிறேன், அனுமதிக்கவில்லை" என்று ஒரு மெசேஜ் அவருக்கே போடுங்கள். அந்த ஒரு மெசேஜ் இல்லாமல் தோற்ற வழக்குகளைப் பார்த்திருக்கிறேன், "அவராகத்தான் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்" என்று முதலாளி சொல்லிவிடுவார். இதே சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்துதான் கடையில் நிற்கிற தொழிலாளிக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று வந்தது. கேட்டவர்கள் இருந்ததால் வந்தது.

மூன்றாவது, இதுதான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. நாலு வருஷம் மூன்று மாதம் என்கிறீர்கள். ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை. கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் (டிஏ) கூட்டி 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி அதை வருஷத்தால் பெருக்க வேண்டும். 18,000 முழுவதும் அடிப்படைதான் என்றால் ஐந்து வருஷத்துக்கு 51,923 ரூபாய். நாலு வருஷமும் 240 நாளும் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1998-ல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது, ஆனால் அதைச் சொன்னதும் எடுத்து நீட்டுகிற முதலாளியை நான் பார்த்ததில்லை, அலைய விடுவார்கள். ஐந்தைத் தாண்டிவிட்டால் பேச்சே இல்லை. அதாவது இன்னும் ஒன்பது மாதம். அதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, டீச்சர் சொன்னதுதான் முதலில். தாங்க முடியாது என்றால் நாளைக்கே விடுங்கள், 52,000 திரும்பச் சம்பாதிக்கலாம். தாங்கலாம் என்றால் தேதி தெரிந்து இருங்கள்.

பிஎஃப் உங்கள் பணம், அதை யாரும் நிறுத்திவைக்க முடியாது. யுஏஎன்னில் (உங்கள் பிஎஃப் எண்) உங்கள் மொபைல் நம்பர் சேர்ந்திருக்கிறதா, மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விட்ட பிறகு வெளியேறிய தேதியை அவர்கள் போடாமல் இழுத்தால், கடைசிப் பணம் ஏறி இரண்டு மாதம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அபராதத்தை உங்கள் சம்பளத்தில் பிடிப்பேன் என்றாரே, பிடித்தாரா?

திருமங்கலத்துப்பெண்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தல்லாகுளம் அண்ணன், பிடிக்கவில்லை, வாயால் சொன்னதோடு சரி. அடிப்படைச் சம்பளம் 12,500 என்றுதான் சீட்டில் போட்டிருக்கிறார்கள், பஞ்சப்படி என்று தனியாக எதுவும் இல்லை, அதனால் உங்கள் கணக்குப்படி எனக்கு 36,058 வரும். இதுவரை அந்தச் சீட்டை நான் இப்படிப் பார்த்ததே இல்லை, இத்தனைக்கும் அதை அடிப்பதே நான்தான்.

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். ஐயா சொன்ன நோட்டுப் போட்டேன். 19 நாளில் ஏழு நாள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், அதில் ஐந்து நாள் செக் நாளுக்கு முந்தின நாளோ அதே நாளோதான். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை, இவ்வளவு நாள் என் மேல்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போல. அந்த நாட்களில் இப்போது வங்கி வேலையை எடுத்துக்கொண்டு காலையிலேயே வெளியே போய்விடுகிறேன்.

ராத்திரி மியூட் போட்டதற்கு முதல் நாள் பெரிய சத்தம். "போன எடுக்கத் தெரியாதா" என்றார். "9 மணிக்கு மேல அம்மாவுக்கு மருந்து போடணும் சார், காலையில 8 மணிக்கு பஸ்ல இருந்தே பதில் சொல்லிடறேன்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவைதான் வாய்ஸ் வந்தது.

இ-வே பில் எடுத்ததும் குடோன் குரூப்பில் வண்டி நம்பரைப் போட்டுவிடுகிறேன். போன புதன்கிழமை வண்டி மாறியபோது லோடுமேன் அண்ணனே எனக்குப் போன் செய்தார்.

தனியாகப் பேசியும் பார்த்தேன், பட்டறை அண்ணன் சொன்னதற்காக. காபி குடித்து முடித்த நேரம். "தப்பு என் மேல இருந்தா உள்ள கூப்பிட்டுச் சொல்லுங்க சார், ஆளுங்க முன்னாடி வேண்டாம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அப்புறம் "சரி, போய் வேலையப் பாரு" என்றார். அதற்கடுத்த வாரம் ஒரு தடவை கத்தினார், நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். இது மாறியதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அதை நம்பி உட்காரப் போவதில்லை.

தத்தனேரிக்கு வெள்ளிக்கிழமை போய்வந்தேன் டீச்சர். பிரஷர் கூடியிருக்கிறது என்றார்கள், 29 வயதில். ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒன்பது மாதம் இருப்பதா என்று முடிவு செய்வேன். அதுவரை பழைய ஆடிட்டர் சாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், அண்ணாநகரில் ஒரு இடம் இருக்கிறது என்றார், சம்பளம் இதே அளவுதான்.

சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. தம்பி வீட்டு லோனுக்கு எழுதிப் போடுகிறான், அதில் என் பேரையும் சேர்க்கிறார்கள், பேங்கில் என் சர்டிபிகேட்டைக் கேட்டார்கள் என்று உண்மையைச் சொல்லியே கேட்டேன். பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். என்னுடையதை எடுக்கும்போது கட்டில் இருந்த மற்றவர்களுடையதும் தெரிந்தது. பில்லிங்கில் இருக்கிற சின்னப் பெண், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவளுடைய டிப்ளமோவும் அதில் இருந்தது. நேற்று சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள்.